பேர்லினில் ஒரு புகையிரத நிலையம்

பேர்லின் நகரின் நடுவே, ஸ்பிறே ஆற்றை அண்டியும் தாண்டியும், எழுநூறுக்கு மேற்பட்ட செங்கல் வளைவுகளின்மீது ஓர் இருப்புப்பாதை செல்கின்றது. 1882ஆம் ஆண்டில் நீராவி வண்டிகளுக்கென அமைத்த பாதை அது. 1924இல் அந்நகரின் புறநகர்ப் பாதையொன்றில் மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கின. 1928இல் இவ்வளைவுப் பாதையிலும் அவை ஓடலாயின. பச்சை வட்டத்துள் வெள்ளை ‘எஸ்’ எழுத்தைத் தாங்கிய பலகை 1930இல் தோன்றியது. ‘எஸ்-பான்’ என்பது இதன் பெயர். புகையற்ற இவ்வண்டியையும் நாம் புகையிரதம் என்றே சொல்லுகின்றோம். பழகிய நாவை என் செய்வது!

இப்பாதையிலுள்ள நிலையங்களுள் பிரீட்ரிக் வீதி நிலையத்தின் கதை தனியானது. 1961 ஓகஸ்ட் 13ஆம் நாள் கிழக்கு ஜேர்மன் அரசு எல்லையை அடைத்தபோது, கிழக்கும் மேற்குமாக ஓடிய வண்டிகள் இந்நிலையத்தோடு நின்றன. நிலையம் இருந்ததோ கிழக்குப் பகுதியில். ஆயினும் மேற்கிலிருந்து வந்த வண்டிகளும் இங்கே வந்தே திரும்பின. ஒரே கூரை, மேடைகளுக்கு நடுவே இரும்புத் தடுப்பு. அப்பால் நிற்கும் வண்டியின் ஓசை கேட்கும், ஏற முடியாது. நிலத்தின் கீழே வடக்குத் தெற்காகச் செல்லும் சுரங்கத்தில் மேற்கு வண்டிகள் கிழக்குப் பேர்லினுக்கு அடியாக ஓடின. அங்கிருந்த ஏனைய நிலையங்களில் மங்கிய விளக்கும் காவலருமே இருந்தனர். வண்டி மெதுவாகும், நில்லாது. ‘பேய் நிலையங்கள்’ என்றனர் மக்கள். மேற்கிலிருந்து வந்த உற்றாரைக் கிழக்கிலிருந்தோர் வழியனுப்பிய மண்டபம் 1962இல் நிலையத்தருகே எழுந்தது. அதற்கு ஊரார் இட்ட பெயர் ‘கண்ணீர் மாளிகை’.

இந்நிலையத்தை நம்மவரும் அறிவர். 1983ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின் இலங்கையைவிட்டுப் புறப்பட்ட தமிழர் பலர், கிழக்குப் பேர்லினின் ஷேனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, இவ்வழியே மேற்குக்குச் சென்று புகலிடம் கேட்டனர். கிழக்கு அரசு கடந்து செல்ல அனுமதி தந்தது. நகரைப் பிரித்த கோட்டை நாட்டெல்லையென ஏற்காத மேற்குத் தரப்போ, அங்கே கடவுச்சீட்டுச் சோதனை நடத்தவில்லை. இரு அரசுகளின் பிணக்கில் ஒரு வாசல் திறந்திருந்தது! மேற்கு ஜேர்மனியின் வற்புறுத்தலால், 1985இல் மேற்கு விசா இல்லாத தமிழருக்கு அவ்வாசல் அடைபட்டது. அதற்குமுன் வந்தோருள் எத்தனை பேர், குளிருக்குப் போதாத உடையுடன், மொழியறியாது, அந்தப் பச்சைப் பலகையைப் பார்த்து நின்றிருப்பர்!

1990 யூலையில் வண்டிகள் மறுபடியும் நேராக ஓடின. கண்ணீர் மாளிகை இன்று அருங்காட்சியகம், கட்டணமின்றிப் பார்க்கலாம். அன்று மேற்கு நோக்கிச் சென்றோர் முதலிற் கண்ட லேர்ட்டர் நிலையம் இருந்தவிடத்தில், 2006இல் திறந்த மத்திய நிலையம் கண்ணாடிக் கூரையுடன் நிற்கின்றது. பிரீட்ரிக் வீதியிலிருந்து அங்கு செல்லச் சில நிமிடங்களே.