அம்மா பெயருக்குள் ஓர் இடைவெளி!

மகளிர் சுய உதவிக் குழுவில் வாரச் சேமிப்புக் கணக்கை எழுதுவது என் அம்மாதான். கூட்டும்போது எப்படியும் பத்து ரூபாய் உதைக்கும். "விடும்மா, நான் பார்த்துக்கறேன்" என்று, அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்த பைத்தானில் ஒரு குட்டி புரோகிராம் எழுதினேன்.

பெயரையும் தொகையையும் ஒரே வரியில், நடுவே இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். 'செல்வி 200' என்பதுபோல. 'இன்புட்' அந்த வரியை வாங்கும். 'ஸ்பிளிட்' இடைவெளியில் வெட்டும். முதல் துண்டு பெயர், இரண்டாவது தொகை. அந்த 200-கூட பைத்தானுக்கு வெறும் எழுத்துதான். 'இன்ட்' போட்டு எண்ணாக மாற்றாமல் 200-ஐயும் 300-ஐயும் கூட்டச் சொன்னால், 200300 என்று ஒட்டிவைக்கும். அதையும் மாற்றிவிட்டேன். நான் அடித்துப் பார்த்தபோதெல்லாம் சரியாகவே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை அம்மாவிடம் கொடுத்தேன். ஒற்றை விரலால் தேடித் தேடி, தன் கணக்கையே முதலில் அடித்தார்: 'மு. செல்வி 200'. என்டர் தட்டியதும் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி!

"ஐயோ, ஏதோ தப்பா அமுக்கிட்டேன்டி. இதெல்லாம் எனக்கு வராது, நீயே பண்ணு" என்று எழுந்து போய்விட்டார்.

தப்பு அவருடையதல்ல. நான் இரண்டு துண்டுகளுக்குத்தான் இடம் வைத்திருந்தேன். இனிஷியலுக்குப் பின்னால் ஓர் இடைவெளி வந்ததும் துண்டுகள் மூன்றாகிவிட்டன. மூன்றாவதை எங்கே வைப்பதென்று தெரியாமல் பைத்தான் நின்றுவிட்டது. அந்த 'மு.' என் தாத்தா. கல்யாணத்துக்குப் பிறகும் அம்மா மாற்றாமல் வைத்திருக்கும் எழுத்து. செய்தியில் இனிஷியலை விட்டால் டெஸ்க்கில் திட்டு விழும். என் வீட்டு இனிஷியலை நானே மறந்திருக்கிறேன்!

'இனிஷியல் இல்லாம அடிம்மா' என்று சொல்ல மனம் வரவில்லை. தேடியபோது 'ஆர்ஸ்பிளிட்' கிடைத்தது. இது வலப்பக்கத்திலிருந்து வெட்டும். 'ஒரே ஒரு முறை வெட்டு' என்று சொல்லிவிட்டால், கடைசியில் இருக்கும் தொகை மட்டும் தனியாகப் பிரியும். முன்னால் எத்தனை சொற்கள் இருந்தாலும் பெயர் முழுசாக நிற்கும். ஒரே வரி மாற்றம்தான்.

அம்மாவைக் கெஞ்சி மறுபடி உட்காரவைத்தேன். பதற்றத்தில் தொகைக்கு முன்னால் இரண்டு முறை ஸ்பேஸ் தட்டினார். இந்த முறை பைத்தான் கோபித்துக்கொள்ளவில்லை. எந்தக் குறியில் வெட்டுவது என்று தனியாகச் சொல்லாவிட்டால், சேர்ந்தாற்போல் வரும் இடைவெளிகளை அது ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்.

எல்லோர் கணக்கையும் அடித்து முடித்ததும் மொத்தம் வந்தது. அம்மா நோட்டை எடுத்து மெதுவாகச் சரிபார்த்தார்.

"அந்தப் பத்து ரூபா, நான்தான்டி கூட்டாம விட்டிருக்கேன்!"

இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆனால் லேப்டாப் எனக்குக் கிடைப்பதில்லை.