பெரிய சில்லும் பத்துப் பல்லும்

இலங்கையின் மலைநாட்டுத் தோட்டப் பாதைகளிலே பழைய லான்ட் றோவர் வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. கல்லும் குழியும் மழைநீர் அறுத்த பள்ளமுமாய்க் கிடக்கும் அப்பாதைகளில் மூட்டை முடிச்சுகளோடு மனிதரையும் ஏற்றிக்கொண்டு அவை ஊர்ந்து செல்வதைக் கண்டவர்கள், அவ்வண்டிக்கு இன்னும் எதுதான் வேண்டும் என்றே எண்ணுவர். ஆயினும் வண்டியை வைத்திருப்பவனுக்கு ஓர் ஆசை உண்டு. சில்லு சற்றுப் பெரிதாக இருந்தால் நல்லது என்பதே அது.

இவ்வாசையை வெறும் தோற்றப் பெருமை என்று ஒதுக்கிவிட முடியாது. பின்னச்சின் நடுவிலே பானை போற் புடைத்து நிற்கும் இரும்புக் கூடுதான் வண்டியின் அடிப்பாகத்தில் நிலத்துக்கு மிக அண்மையிலுள்ளது. வில்லுத்தகடுகளை எவ்வளவு உயர்த்தினாலும் மேலே உள்ள உடல்தான் உயருமேயன்றி அக்கூடு ஒரு நூலிழையும் உயராது. அதை உயர்த்த வல்லது சில்லின் ஆரை ஒன்றே. 88 அங்குல அச்சிடைத் தூரமுடைய லான்ட் றோவருக்கு வழமையாகப் பூட்டப்பட்ட 6.00-16 ரயரின் விட்டம் ஏறக்குறைய 28.5 அங்குலம், அதன் நீண்ட உடன்பிறப்பான 109 அங்குல வண்டிக்குரிய 7.50-16 ரயரின் விட்டம் ஏறக்குறைய 31.7 அங்குலம். முன்னதைக் கழற்றிப் பின்னதைப் பூட்டினால் கூடு 1.6 அங்குலம் உயர்கிறது. தட்டையான றோட்டில் ஓடுபவருக்கு இஃது ஒன்றுமில்லை. கல்லுக்கு மேலால் வண்டியை எடுப்பவருக்கோ, கூடு உடைவதற்கும் உடையாமல் தப்புவதற்கும் இடையிலுள்ள தூரமே அதுவாக இருக்கலாம்.

இனி, அந்த 1.6 அங்குலத்திற்குக் கொடுக்க வேண்டிய விலையை நோக்குவோம். எஞ்சின் தரும் முறுக்கம் கியர்ப் பெட்டியிலே ஒருமுறையும், சாரதிகள் 'ஹை', 'லோ' என்றழைக்கும் இரு படிகளைக் கொண்ட இடைமாற்றுப் பெட்டியிலே இன்னொருமுறையும், ஈற்றில் அச்சின் நடுவிலுள்ள கூட்டிலே மூன்றாம் முறையும் பெருக்கப்படுகின்றது. கூட்டினுள்ளே நடைபெறும் பெருக்கம் இரண்டு பற்சில்லுகளின் வேலை. எஞ்சினிலிருந்து வரும் தண்டின் நுனியிலுள்ள சிறியதை 'பினியன்' என்றும், அதனாற் சுழற்றப்படும் பெரியதை 'கிறவுண்' என்றும் கராச்சிலே சொல்வார்கள். லான்ட் றோவரின் பினியனுக்குப் பத்துப் பற்கள், கிறவுணுக்கு நாற்பத்தேழு. ஆகவே தண்டு 4.7 முறை சுழலச் சில்லு ஒருமுறை சுழல்கின்றது. முதற் கியரிலும் 'லோ' படியிலும் இம்மூன்று பெருக்கங்களும் சேர்ந்து ஏறக்குறைய 40.7 ஆகின்றன. எஞ்சின் நாற்பது முறை சுழன்று சில்லை ஒருமுறை திருப்பும் இந்த நிதானமே செங்குத்தான மலைப்பாதையில் அவ்வண்டி கொண்டுள்ள செல்வம் எனலாம்.

சில்லின் விட்டம் நூற்றுக்கு 11 கூடியதும் இச்செல்வம் குறைகின்றது. பற்கள் மாறவில்லை, ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி கடக்கும் தூரம் கூடிவிட்டது, நிலத்தைத் தள்ளும் விசை அதே அளவுக்குக் குறைந்துவிட்டது. 40.7 என்பது 36.6 ஆகிவிட்டாற் போன்ற நிலை. முன்பு மூன்றாம் கியரில் ஏறிய ஏற்றத்திற்கு இரண்டாம் கியர் வேண்டும். முன்பு முதற் கியரில் ஊர்ந்த இடத்திற் கிளச்சை அரை மிதி மிதித்துச் சமாளிக்க நேரும்; கிளச்சுத் தட்டு கருகும். கதிமானியும் பொய் சொல்லும். அது இடைமாற்றுப் பெட்டியிலிருந்து புறப்படும் தண்டின் சுற்றைத்தான் எண்ணுகின்றதேயன்றி நிலத்தை அளப்பதில்லையாதலால், 36 மைல் என்று காட்டும்போது வண்டி 40 மைலில் ஓடிக்கொண்டிருக்கும்.

இழந்ததை மீட்கும் வழி எளிய கணக்கு. பழைய விகிதத்தைப் புதிய விட்டத்தாற் பெருக்கிப் பழைய விட்டத்தால் வகுக்க வேண்டியதுதான். 4.7 ஏறக்குறைய 5.2 ஆக வேண்டும். காகிதத்திலே கணக்கு முடிந்துவிடுகின்றது; இரும்பிலே முடிவதில்லை. அரைப்பல், கால்பல் என்று பற்சில்லில் வெட்ட முடியாது. பற்கள் முழு எண்களாகையால் விகிதங்கள் படிப்படியாகவே கிடைக்கும். விரும்பிய இடத்தில் நிற்கமாட்டா. அமெரிக்காவின் டேனா 44 என்னும் அச்சு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் கிறவுணிலே 41 பற்கள். பினியனில் 11 பற்களானால் 3.73, பத்தானால் 4.10, ஒன்பதானால் 4.56. ஒவ்வொரு படியிலும் இழுவை கூட, பினியன் ஒரு பல்லை இழந்து மெலிகின்றது. முழு வண்டியின் பாரத்தையும் இழுக்க வேண்டிய துண்டே சிறுத்துப்போகின்றது என்பதைப் பெரிய சில்லுக்காரர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

கணக்குச் சொல்லும் எண்ணே சரியான எண் என்பதும் இல்லை. சில்லு பெரிதாகும்போது உயரம் மட்டுமா கூடுகின்றது? பாரமும் கூடுகின்றது, அப்பாரமும் மையத்திலிருந்து மிகத் தொலைவான விளிம்பிலே போய்ச் சேர்கின்றது. அதைச் சுழலச் செய்யவும் சுழல்வதை நிறுத்தவும் மேலதிகமான வலு வேண்டும். சூத்திரமோ விட்டத்தை அறியுமேயன்றிப் பாரத்தை அறியாது. ஜீப் நிறுவனம் 2021இல் றாங்லர் றூபிக்கன் வண்டிக்கு 35 அங்குல ரயரைத் தொழிற்சாலையிலேயே பூட்டிக் கொடுக்க முன்வந்தபோது, 33 அங்குல ரயரோடு வந்த 4.10 என்னும் விகிதத்தைக் கணக்கின்படி 4.35 ஆக்கியிருந்தாற் போதும். அவர்கள் 4.56 ஆக்கினார்கள். அனுபவமுள்ள பொறியியலாளர் கணக்கைத் தாண்டி ஒரு படி கீழே இறங்குவதே வழக்கம்.

சில்லு மாறாமலே வேலை மாறினாலும் விகிதம் மாறவேண்டும் என்பதற்கு அதே ஜீப்பின் பழைய வரலாறு சான்று பகரும். இரண்டாம் உலகப் போரிலே படையினரை ஏற்றித் திரிந்த வில்லிஸ் எம்.பி. வண்டிக்கு அச்சு விகிதம் 4.88. போர் முடிந்த 1945இல் அதே அளவான 6.00-16 ரயரோடு கமக்காரரை நோக்கி வெளிவந்த சி.ஜே. 2ஏ வண்டிக்கு 5.38. துப்பாக்கிக்காரரை விரைவாகக் கொண்டுசெல்வதும் வயலிலே கலப்பையை இழுப்பதும் ஒன்றல்லவே. லான்ட் றோவர் தொழிற்சாலையினரோ பெரிய சில்லுக்கு வேறொரு விடை கண்டனர். 1960களின் பிற்பகுதியில் 109 அங்குல 'ஒரு தொன்' வண்டிக்கு 9.00-16 என்ற பெரிய ரயரைப் பூட்டியபோது அவர்கள் அச்சின் 4.7ஐத் தொடவேயில்லை. இடைமாற்றுப் பெட்டியின் 'ஹை' படியை 1.148இலிருந்து 1.53 ஆக மாற்றினார்கள். ரயரின் வளர்ச்சி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கே. கியரின் மாற்றமோ மூன்றில் ஒரு பங்கு. மிகுதியெல்லாம் சுமைக்காகச் செய்யப்பட்டது. அதிகரித்த முறுக்கம் இடைமாற்றுப் பெட்டிக்கு அப்பாலுள்ள தண்டுகளையும் பினியனையும் வருத்துமாகையால், தொடக்ககால வண்டிகளில் ஈ.என்.வி. என்னும் கனதியான அச்சுகளையும் சேர்த்தே பூட்டினார்கள்.

கராச்சிலே 'பாஸ்' இவ்விகிதத்தை அறியும் முறை மிக எளிமையானது. கியரை விடுவித்துப் பின்சில்லுகளில் ஒன்றை மட்டும் ஜாக்கியிலே தூக்கி, சில்லிலும் தண்டிலும் வெண்கட்டியால் ஒவ்வொரு கோடு இடுவார். பின் சில்லைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுவார். மற்றச் சில்லு நிலத்தில் அசையாது நிற்பதால் இரண்டு சுற்றும் கிறவுணுக்கு ஒரு சுற்றாகும். அதற்குள் தண்டு எத்தனை முறை சுழன்றது என்று எண்ணினால், நாலும் முக்காலுக்குச் சற்றுக் குறைவு, அதுவே 4.7. முன்னச்சையும் இவ்வாறே எண்ணிப் பார்க்காத பாஸ் நல்ல பாஸ் அல்லர். பழைய லான்ட் றோவரில் நாற்சில்லு இழுவையைப் பூட்டியதும் முன்தண்டும் பின்தண்டும் ஒன்றாகப் பிணைக்கப்படுகின்றன. பின்னச்சை மட்டும் மாற்றி முன்னச்சை விட்டுவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். சேற்றிலே சில்லு வழுக்கி அப்பகையைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தாரிலே தீர்க்க இடமில்லாமல் ஏதேனும் ஒன்று உடையும்.

புதிய பினியனையும் கிறவுணையும் பொருத்துவது பொறுமைக்கு ஒரு சோதனை. இவையிரண்டும் பட்டறையிலேயே ஒன்றோடொன்று தேய்த்து இணைக்கப்பட்ட சோடி. ஒன்றைப் பிரித்து வேறொன்றோடு சேர்க்கலாகாது. பல்லுக்கும் பல்லுக்கும் இடையே விடவேண்டிய இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் எட்டுக்கும் பத்துக்கும் இடைப்பட்டது. மை பூசிச் சுழற்றி, பல்லின் எவ்விடத்தில் மை அழிகின்றது என்று பார்த்து, மெல்லிய தகடுகளைச் சேர்த்தும் நீக்கியும் சரிசெய்ய வேண்டும். அவசரப்பட்டவனின் அச்சு சில நூறு மைல்களிலே ஊளையிடத் தொடங்கும்.

இவ்வளவையும் செலவிட்டுச் செய்து முடித்தவன் வண்டியை ஏற்றத்திலே விட்டுப் பார்க்கின்றான். பழைய இழுவை திரும்பியிருக்கின்றது. கதிமானி உண்மை பேசுகின்றது. பெரிய சில்லின் கடனெல்லாம் தீர்ந்தது என்று அவன் மகிழ்வது இயல்பே. ஆனால் ஏறிய வண்டி இறங்கவும் வேண்டும். கால் மிதிக்கும் பிறேக் எங்கே இருக்கின்றது? சில்லிலேயே இருக்கின்றது. கியர்ப் பெட்டி, இடைமாற்றுப் பெட்டி, கிறவுண் ஆகிய மூன்று பெருக்கங்களுக்கும் அப்பால், சில்லோடு சேர்ந்து சுழலும் உருளையில் அது பற்றுகின்றது. எனவே அச்சிலே எந்தப் பல்லை மாற்றினாலும் அதற்கு ஒரு சிறு உதவியும் கிடையாது. உருளை பற்றும் முறுக்கம் அதே அளவு. சில்லின் ஆரையோ கூடிவிட்டது. நிலத்திலே வண்டியைத் தடுக்கும் விசை பத்தில் ஒரு பங்கு குறைகின்றது. அதே தூரத்தில் நிறுத்த, மிதியை நூற்றுக்கு 11 கூடுதலாக மிதிக்க வேண்டும். இழுக்கும் ஆற்றல் திரும்பிவிட்டமையால் நிறுத்தும் ஆற்றலும் திரும்பிவிட்டது என்ற மயக்கமே பெரிய ஆபத்து. சில்லை மாற்றிக் கியரை மாற்றாதவனுக்காவது வண்டியின் சோர்வு ஒவ்வொரு ஏற்றத்திலும் நினைவூட்டும். இவனுக்கு அவ்வெச்சரிக்கையும் இல்லை.

தொழிற்சாலையினர் இதை அறிந்திருந்தனர். 88 அங்குல வண்டியின் பிறேக் உருளைகள் 10 அங்குல விட்டமுடையவை, 7.50 ரயரோடு வந்த 109 அங்குல வண்டிக்கு 11 அங்குலம். நீண்ட வண்டியின் சுமையே அதற்கு முதற் காரணமாயினும், சில்லின் வளர்ச்சியும் உருளையின் வளர்ச்சியும் ஏறத்தாழ ஒரே அளவாயிருப்பது மனங்கொள்ளத்தக்கது. 109இன் ரயரை மட்டும் கழற்றி 88க்குப் பூட்டுபவன், அந்த ரயரோடு வந்த உருளையை விட்டுவிட்டு வருகின்றான். 11 அங்குல உருளையையும் தேடிப் பூட்டலாம், செலவு கூடும், கிறவுண் பினியனுக்கு முன்னரே அதைச் செய்வதுதான் முறை. மலைநாட்டுச் சாரதிகள் செங்குத்தான இறக்கத்தில் 'லோ' படியிலும் முதற் கியரிலும் இறங்குவது இன்னொரு காப்பு. எஞ்சினே தடுக்கும் அத்தடுப்பு மூன்று பெருக்கங்களினூடும் வருவதால், அச்சு விகிதம் மாறியதும் அது முழுமையாக மீண்டுவிடுகின்றது.

கைப் பிறேக்கின் கதை இன்னும் விசித்திரமானது. பழைய லான்ட் றோவரில் அது சில்லைப் பற்றுவதில்லை; இடைமாற்றுப் பெட்டியின் பின்புறத்திலே, தண்டு புறப்படும் இடத்தில் ஒரு தனி உருளையைப் பற்றுகின்றது. அங்கிருந்து அதன் பிடி அச்சிலே 4.7 மடங்காகி, விகிதம் மாறினால் இன்னும் பெருகிச் சில்லை அடைகின்றது. ஆகவே கிறவுணை மாற்றியவனுக்குக் கால் பிறேக் மெலிந்திருக்கக் கைப் பிறேக் பழைய வலிமையோடு நிற்கும். ஆயினும் அவ்வலிமை முழுவதும் கூட்டிலிருந்து இரு பின்சில்லுகளுக்கும் செல்லும் மெல்லிய தண்டுகளினூடாகவே போகின்றது. கராச்சிலே 'ஹாவ் ஷாப்ட்' எனப்படும் இவை அவ்வண்டியின் பேர்போன பலவீனம். பெரிய சில்லும் புதிய விகிதமும் சேர்ந்து இவற்றின் மேல் ஏற்றும் முறுக்கமும் அதே நூற்றுக்கு 11 கூடுகின்றது. ஏற்றத்திலே இரண்டில் ஒன்று முறிந்தால் சில்லு கழன்று விழாது. வண்டியின் பாரத்தை வேறொரு குழாய் தாங்குகின்றது. ஆனால் முறிந்த பக்கம் கூட்டினுள் தடையின்றிச் சுழலும்; மறுபக்கத்துக்கும் பிடி போகாது. இழுவை அற்றுப்போகும் அதே கணத்திலே, பின்சில்லுகளை மட்டும் பற்றும் கைப் பிறேக்கும் அற்றுப்போகும். முன்னச்சு பிணைக்கப்படாதிருந்தால், நெம்பை எவ்வளவு இழுத்தாலும் சரிவிலே நிற்கும் வண்டியைக் கால் பிறேக் ஒன்றே பிடித்துக்கொண்டிருக்கும். மிதியிலிருந்து காலை எடுக்குமுன் முன்னச்சைப் பிணைத்து, 'லோ' படியையும் முதற் கியரையும் போட்டு, எஞ்சினை அணைக்க வேண்டும். கூட இருப்பவர் இறங்கிச் சில்லின் கீழே கல் வைக்க வேண்டும்.