லிஸ்பனில் உப்புமீன் வெட்டுபவர்

லிஸ்பனில் நல்ல பக்கல்யாவு எங்கே சாப்பிடலாம் என்று அந்த ஊரிலேயே குடியிருக்கும் தோழியிடம் கேட்டேன். "உணவகத்தை அப்புறம் சொல்கிறேன், முதலில் ஒரு கடைக்கு வா" என்றாள். ருவா தோ அர்செனால் தெருவுக்குக் கூட்டிப் போனாள். தேஜு ஆற்றங்கரையை ஒட்டிய இந்தத் தெரு உப்புமீன் கடைகளுக்குப் பேர்போனது. இன்று எஞ்சியிருப்பவை சில. கடை கண்ணில் படுவதற்கு முன்பே உப்புமீன் வாசம் வந்து சேர்ந்துவிடுகிறது.

பக்கல்யாவு என்பது உப்பிட்டு உலர்த்திய காட் மீன். போர்ச்சுகீசியரின் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு விருந்தே உருளைக்கிழங்கு, முட்டை, கீரைக்கோசுடன் வேகவைத்த இந்த மீன்தான். ஆனால் அது போர்ச்சுகல் கடலில் கிடைப்பதில்லை. நூற்றாண்டுக் கணக்கில் நியூஃபவுண்ட்லாந்துக் கடல்வரை போய்ப் பிடித்து வந்தார்கள். இப்போது பெரும்பாலும் நார்வேயிலிருந்தும் ஐஸ்லாந்திலிருந்தும் வருகிறது.

கடைக்குள் முதுகெலும்பு நீக்கி விரித்த முழு மீன்கள் எடைவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. மூன்று கிலோவைத் தாண்டியது 'எஸ்பெசியல்', இரண்டிலிருந்து மூன்று வரை 'கிராவுது'. தரம் பிரிக்கும் நுணுக்கத்தை விட, மேடையில் பொருத்தியிருந்த கத்திதான் என் கண்ணை இழுத்தது. அச்சகத்தில் தாள் வெட்டும் கத்தியைப் போல ஒருமுனையில் கீல், மறுமுனையில் நீளக் கைப்பிடி. அதைப் பிடித்திருந்தவருக்கு அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "எதற்கு?"

பதிலைக் கேட்டபிறகுதான் கத்தி இறங்கும். அடுப்பில் சுட்டு ஆலிவ் எண்ணெய் ஊற்றிச் சாப்பிட என்றால் நடுவிலுள்ள தடித்த 'லோம்போ'. மீனை உதிர்த்து, குச்சிகளாக நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கோடும் முட்டையோடும் கிளறும் 'பிராஸ்' முறைக்கு ஓரத்து மெல்லிய பகுதியே போதும். உருளைக்கிழங்கு சேர்த்து உருட்டிப் பொரிக்கும் 'பஷ்டெய்'க்கு வால். மாவில் தோய்த்துப் பொரிக்கும் 'பத்தானிஸ்கா'வுக்கு உதிரிகள். போர்ட்டோ நகர வணிகர் கோமிஷ் தெ சா பெயரால் வழங்கும், வெங்காயமும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுடும் பண்டத்துக்குப் பெரிய செதில்களாகப் பிரியும் சதை. தலையையும் நாக்கையும் கேட்டு வாங்குவோர் தனி. ஒரு மீனில் வீணாகும் பாகம் இல்லை. எது எங்கே போக வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரியும்.

கூட்டம் குறைந்ததும் தோழி மொழிபெயர்க்க, தன் கதையைச் சொன்னார். ஊர் இல்யாவுப் பக்கம். பதினான்கு வயதில் லிஸ்பனுக்கு வேலைக்கு வந்தவர். அப்பா டோரிக்காரர். டோரி என்பது கப்பலின் மேல்தளத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கொண்டுபோகும் சிறு படகு. ஒரு படகுக்கு ஓர் ஆள். விடியலில் இறக்கிவிடுவார்கள். பனிமூட்டத்தில் தனியாக மீன் பிடித்து, படகு நிறைந்ததும் கப்பலுக்குத் திரும்பி, இரவு நெடுநேரம் மீனை அறுத்து உப்பிட வேண்டும். ஆறுமாதம் இதுதான் வாழ்க்கை. "மூட்டத்தில் வழி தவறிப் போனவர்கள் உண்டு. அம்மா கஃபான்யா த நசரேயில் மீன் உலர்த்தும் களத்தில் வேலை செய்தாள். வானம் கறுத்தால் அவள் முகமும் கறுக்கும். களத்து மீனுக்கும் சேர்த்து, கடலில் இருக்கும் அப்பாவுக்கும் சேர்த்து" என்றார். அந்தப் படகுப் பயணங்கள் 1974-இல் முடிந்தன. மிஞ்சிய கப்பல்களில், 1937-இல் கட்டிய கிரியோலா கப்பல் கடற்படையிடம் பயிற்சிக்கலமாகப் போனது.

போர்ச்சுகலின் சர்வாதிகாரி சலாசாரின் ஆட்சி இந்த மீன்பிடிப்பைத் தேசப் பெருமையாக்கியது. லிஸ்பனின் பெலெம் பகுதியில் கப்பல்களுக்குப் பாதிரியார்கள் ஆசி வழங்கினார்கள். ஆனால் டோரிக்குள் இறங்கியவனின் ஊதியம் அவன் பிடித்த மீனின் அளவைப் பொறுத்தது. மூட்டமும் குளிரும் அவன் பங்கு. கப்பலும் லாபமும் முதலாளியின் பங்கு. இன்றும் அந்தக் கணக்கு மாறவில்லை. ஈரத்தைப் பிடித்து வைக்கும் பாஸ்பேட்டுகளை உப்பு மீனில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் அனுமதி தந்தது. போர்ச்சுகல் எதிர்த்தும் பயனில்லை. ஈரம் நின்றால் எடை கூடும். எடை கூடினால் இடையில் கைமாற்றுபவனுக்குக் காசு. தண்ணீருக்கு மீன்விலை கொடுப்பவர் வாங்குபவர். காயாத மீனை நல்ல மீன் என்று விற்க வேண்டி வந்தால், அந்தச் சங்கடம் இந்தக் கத்திக்காரருக்கு. மீனைத் தொடாதவர்களே மீனால் கொழுப்பது எந்தக் கடற்கரையிலும் அநியாயம்தான்.

பிறகுதான் தோழி உணவகங்களைச் சொன்னாள். மொராரியாப் பகுதியில் 'ஸெ த மொராரியா': கொண்டைக்கடலையும் உருளைக்கிழங்கும் சூழச் சுட்ட மீன், ஒரு தட்டை இருவர் பகிரலாம். கொந்தெ வல்போம் சாலையில் 'லவுரெந்தினா': பல முறைச் சமையலையும் ஒரே இடத்தில் ருசிக்கலாம். பியாத்துப் பகுதியில், பழைய அரண்மனையின் குதிரைலாயத்தில் நடக்கும் 'காஸா தோ பக்கல்யாவு'. மொராரியாவில் நாங்கள் உண்ட துண்டு முள்கரண்டி பட்டதும் வழவழப்பான செதில்களாகப் பிரிந்தது. உப்பு நாக்கில் மெல்லத் தெரிந்து மறைந்தது.

அந்தப் பதம் ஊறவைப்பதில் வருகிறது. தோல் மேலே இருக்கும்படி குளிர்ந்த நீரில் போட்டு, ஒருநாளோ இரண்டு நாளோ, நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தடித்த துண்டுக்கு இன்னும் நேரம். இந்தப் பொறுமைக்கு ஆள் வேண்டும், கூலி வேண்டும். அதனால்தான் சுற்றுலாத் தெருக்களில் பல சமையலறைகள் முன்பே ஊறவைத்து உறையவைத்த பொட்டலத்தைப் பிரிக்கின்றன.

எனவே லிஸ்பனுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உட்காரும் முன் பரிமாறுபவரிடம் கேளுங்கள்: மீனை நீங்களே ஊறவைக்கிறீர்களா, எத்தனை முறை நீர் மாற்றுகிறீர்கள்? தயங்காமல் பதில் சொல்லும் இடத்தில் சாப்பிடுங்கள். விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தால் பேரம் பேசாமல் கொடுங்கள். அந்தக் கூடுதல் காசு உலர்த்தியவருக்கும் வெட்டியவருக்கும் ஊறவைத்தவருக்கும் உரியது.