குப்பிக்குள் ஓவியம்

பயன் தீர்ந்த பொருளைப் புறத்தே எறிந்துவிடுதல் மக்கள் இயல்பு. ஆயினும், கண்ணாடிக் குப்பி மட்டும் அத்துணை எளிதில் வீட்டை விட்டு நீங்குவதில்லை. மருந்து தீர்ந்த குப்பியைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும் தாய்மார் பலர். பின்னர்க் கடுகும் மிளகும் அதனுள் குடியேறும். சிறுவர் கையில் அகப்படினோ அதன் கோலமே மாறிவிடும். ஒருவன் அதன்மேல் வண்ணம் தீட்டுவான். ஒருத்தி பட்டு நூலைச் சுற்றிச் சோழியும் பாசிமணியும் பதிப்பாள். உடைந்த வளையல் துண்டுகளும் கிளிஞ்சல்களும் அதன் கழுத்திலும் தோளிலும் ஏறிக்கொள்ளும். நேற்றுவரை கசப்பு மருந்தைச் சுமந்த குப்பி இன்று பூங்கொத்தைத் தாங்கிக் கூடத்தை அணிசெய்யும்.

இவ்வாறு குப்பியின் புறத்தை அழகு செய்தல் பல நாடுகளிலும் உள்ள வழக்கமே. குப்பியின் அகத்தை அழகு செய்த மக்களும் உளர், அவர் சீனர். அந்நாட்டிலிருந்து வந்த சிறு குப்பிகள் உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று உள்ளங்கையில் அடங்கிவிடும். அதன்மேல் மலையும், மலையடியில் ஒரு குடிலும், குடிலின் முன்னே ஓடம் செலுத்துவான் ஒருவனும் தோன்றுவர். காண்பவர் அவ்வோடத்தைத் தடவிப் பார்க்க விரும்பி விரலை வைத்தால், விரல் வழுவழுப்பான கண்ணாடிமேல் வழுக்கிச் செல்லும். அப்போதுதான் ஓவியம் வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது என்பது புலனாகும். உடனே கண் குப்பியின் வாயை நாடும். அவ்வாயோ ஒரு துவரை நுழையும் அளவினது! இவ்வழியே ஒரு மனிதன் எவ்வாறு உட்புகுந்து மலையும் ஆறும் எழுதினான் என்னும் வியப்புத் தோன்றாத உள்ளம் இராது.

இக்குப்பி பிறந்த கதை மூக்குப்பொடியோடு தொடர்புடையது. அமெரிக்கக் கண்டத்துப் பயிராகிய புகையிலை ஐரோப்பியர் வாயிலாகக் கீழ்நாடுகளை அடைந்தது. அதனைப் பொடியாக்கி மூக்கில் இடும் வழக்கம் சீன நாட்டு அரண்மனையிலும் பரவியது. ஐரோப்பியர் பொடியைச் சிறு பேழையில் வைத்திருந்தனர். சீனத்தின் ஈரக் காற்றில் பேழைப்பொடி கட்டிபட்டது. ஆதலின், மருந்துத்தூள் வைப்பதற்கு முன்னரே அங்கு வழங்கிய சிறு குப்பியைச் சீனர் பொடிக்கும் உரியதாக்கிக்கொண்டனர். காங்சி என்னும் பேரரசர் 1696இல் பெய்ஜிங் அரண்மனையைச் சார்ந்து ஒரு கண்ணாடித் தொழிற்சாலையை நிறுவினார். அதனை அமைத்துத் தந்தவர் கிலியான் ஸ்டும்ப் என்னும் செர்மானியப் பாதிரியார். அதன் பின்னர்க் கண்ணாடிக் குப்பிகள் பெருகின. நம் நாட்டுப் புலவர் சிலர் மடியில் செருகியிருந்த பொடிமட்டையை இவ்விடத்தில் நினைவுகூர்வோர் நகைப்பர். பொடி போடுதல் தீய பழக்கமே. எனினும் அத்தீய பழக்கத்தின் வாயிலாக ஒரு நல்ல கலை பிறந்தது என்பதை மறைத்தலும் முறையன்று.

தொடக்கத்தில் சீனரும் குப்பியின் புறத்தையே அழகு செய்தனர். வெண்ணிறக் கண்ணாடியின்மேல் செந்நிறக் கண்ணாடியைப் போர்த்தி, மேலடுக்கைப் பூவாகவும் பறவையாகவும் செதுக்கினர். சிலர் பளபளக்கும் மீனாப் பூச்சினால் ஓவியம் எழுதிச் சூளையில் சுட்டனர். மூடிக்குப் பவளமும் பச்சைக்கல்லும் இட்டனர். மூடியின் அடியில் பொடி எடுப்பதற்கென்று தந்தத்தால் ஆன ஒரு சிறு கரண்டியைப் பொருத்தினர்.

உள்ளே எழுதும் கலை எவ்வாறு தோன்றியது என்பதற்கு அந்நாட்டார் ஒரு கதை கூறுவர். வெளியூர் அலுவலர் ஒருவர் அரசாங்க வேலையாகத் தலைநகருக்கு வந்தார். அவர் நேர்மையாளர், கையூட்டுக் கொடுக்க மறுத்தார். ஆகவே அவர் காரியம் முடியாமல் நாள்கள் கடந்தன. கைப்பொருள் கரைந்தது. கோயில் ஒன்றில் தங்கியிருந்த அவரிடம் பொடியும் தீர்ந்தது. குப்பியின் உட்புறத்தில் ஒட்டியிருந்த எச்சத்தை மூங்கிற் குச்சியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். சுரண்டிய கீறல்கள் வெளியே கோடுகளாகத் தெரிந்தன. அதனைக் கண்ட துறவி ஒருவர், குச்சியின் நுனியை வளைத்து, மையில் தோய்த்து, குப்பிக்குள் படம் எழுதத் தொடங்கினார் என்பது கதை. இதனை வரலாறு என்று கொள்ளச் சான்று இல்லை. ஆயினும், கதை கட்டியவர் கலையின் பிறப்பிடமாக அரண்மனையைக் கூறாமல், வெறுங் குப்பியையும் வறியவர் கையையும் கூறினாரே, அது கருதத்தக்கது. இக்கலை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழங்கியமைக்குக் குப்பிகளே சான்றாக உள்ளன.

இனி, எழுதும் முறையைக் காண்போம். கண்ணாடியின் உட்புறம் வழுவழுப்பானது. அதில் மை நில்லாது வழிந்துவிடும். ஆதலின், முதற்கண் குப்பிக்குள் சிறு இரும்பு மணிகளையும் குருந்தக்கல் பொடியையும் நீரையும் இட்டு, வாயை அடைத்து, நெடுநேரம் குலுக்குவர். உட்புறம் தேய்ந்து, பாலேடு படிந்தாற்போல் மங்கலாகும். இனி அது காகிதம்போல் மையைப் பற்றிக்கொள்ளும். பழைய ஓவியரின் எழுதுகோல் மெல்லிய மூங்கிற் குச்சியே. அதன் நுனியைக் கொக்கிபோல் வளைத்துக் கூராக்குவர். கோல் உள்ளே செல்லும். கண் வெளியே நிற்கும். இடக்கை குப்பியைப் பிடிக்க, வலக்கை கழுத்தின்மேல் நின்று கோலை இயக்கும். தாளில் எழுதுவோர்க்குக் கை ஊன்ற இடம் உண்டு. இங்கே அதுவும் இல்லை. கழுத்து இடும் எல்லைக்குள் கோல் சாயலாம், சுழலலாம், அவ்வளவே. மூச்சு சற்று மிகுந்தாலும் கோடு நடுங்கிவிடும்.

இதனினும் பெரிய இடர்ப்பாடு ஒன்று உண்டு. தாளில் எழுதும் ஓவியர் முதலில் வானத்தைத் தீட்டுவார்; அதன்மேல் மலை; மலையின்மேல் மரம்; இறுதியில் மரத்தில் ஒரு பறவை; பறவைக்குக் கண். பிழை நேரின் அதன்மேல் வேறு வண்ணம் பூசி மறைத்துவிடலாம். குப்பி ஓவியர்க்கோ முறை தலைகீழாகும். அவர் முதலில் எழுதுவது பறவையின் கண்ணை, பின்னரே பறவை, அதன்பின் மரம், மலை, வானம் இறுதியில். முதலில் இட்ட புள்ளியே காண்பவர் கண்ணுக்கு எல்லாவற்றிற்கும் முன்னே நிற்கும். அப்புள்ளி பிழைபட்டால் அதனை மறைக்க வழியில்லை; பின்னே எத்தனை வண்ணம் பூசினும் அவை பிழைக்குப் பின்புலமாகுமேயன்றித் திரையாகா. ஆகவே, இன்னும் எழுதாத படம் முழுவதையும் மனத்தில் எழுதி முடித்த பின்னரே அவ்வோவியர் முதற்புள்ளியை இடுதல் வேண்டும்.

தமிழர்க்கு இம்முறை முற்றும் புதிதன்று. தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தை அறிந்தவர் இதனை உடனே உணர்வர். தஞ்சை ஓவியரும் கண்ணாடியின் பின்புறத்தில்தான் எழுதுவர். அவர்க்கும் கண்ணும் அணியும் முந்தும், பின்னணி பிந்தும். கண்ணாடியின் பின்னே எழுதும் இக்கலை 18ஆம் நூற்றாண்டில் சீன ஓவியர் வாயிலாக இந்தியாவின் மேற்குப் பகுதியை அடைந்து, பின்னர்த் தெற்கே பரவிற்று என்று கலை வரலாற்றாசிரியர் கூறுவர். தஞ்சையார் தட்டையான கண்ணாடியில் தாராளமாகக் கைவைத்து எழுதினர். சீனரோ அதே தலைகீழ்க் கணக்கை ஒரு துவரை நுழையும் வாயின் வழியே செய்தனர். இரண்டும் அரியவை, இரண்டாவது கூடுதல் அரியது என்பதில் ஐயமில்லை.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெய்ஜிங் நகரில் இக்கலை உச்சம் எய்தியது. சௌ லெயுவான் என்பார் 1880களிலும் 1890களின் தொடக்கத்திலும் மலையும் நீரும் எழுதிப் புகழ்பெற்றார். அவருக்குப் பின் வந்த மா ஷாவ்ஷுவான் (1867 – 1939) மனிதர் முகம் எழுதுவதில் இணையற்றவர். அக்காலத்தில் புதிதாக வந்த கருப்பு வெள்ளைப் புகைப்படத்தைப் போலவே, கருமையின் ஏற்றத் தாழ்வால் மட்டும் அவர் முகங்களைக் குப்பிக்குள் எழுதினார். தான் சின்பேய் என்னும் நாடக நடிகரின் உருவம் அவற்றுள் ஒன்று. குப்பியின் ஒருபுறம் முகமும், மறுபுறம் வரிவரியாகச் சிற்றெழுத்தில் ஒரு கவிதையும் இருக்கும். அவ்வெழுத்துகளை வெளியே தாளில் எழுதுதலே நம்மில் பலர்க்கு இயலாது.

ஆனால், புகழ் உச்சியில் நின்ற அக்காலத்திலேயே குப்பியின் பிழைப்பு ஆட்டங்கண்டது. 1912இல் சீனப் பேரரசு முடிவுற்றது. பொடி போட்டவர் சுருட்டுக்கும் சிகரெட்டுக்கும் மாறினர். பொடி இல்லையேல் பொடிக்குப்பி எதற்கு? வாங்குவோர் குறைய, எழுதுவோரும் குறைந்தனர். மற்றோர் இடரும் இருந்தது. இக்கலை தந்தை மகனுக்கு மட்டும் கற்பித்த கலை. அண்டை வீட்டான் எட்டிப் பார்த்துவிடுவான் என்று கதவை அடைத்துக்கொண்டு எழுதும் கைவினைஞர் எந்நாட்டிலும் உண்டு. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை, அக்கலையே அவர்களுடைய சோறு. எனினும், அடைத்த கதவுக்குள் காற்றும் வாராதன்றோ? பெய்ஜிங்கில் யே சோங்சான் என்னும் ஓவியரின் குடும்பம் இக்கலையைக் கைவிடாது காத்தது. அவர் 1945இல் காலமானார். அதன்பின் பெய்ஜிங்கில் இக்கலை அவர் மைந்தர் கைகளையே பெரிதும் சார்ந்து நின்றது. அவரும் முதுமையை நெருங்கிக்கொண்டிருந்தனர்.

1950களில் பெய்ஜிங்கில் கைவினைக் கலைகளுக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. யே குடும்பத்தார் அங்கே பணியில் அமர்ந்தனர். அங்கு வந்த மாணவருள் ஒருவர் வாங் ஷீசான். 1938இல் ஹெபேய் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த அவ்விளைஞர்க்கும் யே குடும்பத்துக்கும் உறவேதும் இல்லை. ஆயினும், 1950களின் இறுதியில், அக்குடும்பத்து முதியவர் தம் முன்னோர் வகுத்த வேலியைத் தாமே நீக்கி, வெளியாராகிய அவருக்குக் கலை முழுவதையும் கற்பித்தனர். தலைமுறை தலைமுறையாகக் காத்த ஒன்றைப் பிறர் மகன் கையில் கொடுப்பது எளிய செயலன்று. கொடுத்திராவிடின் யே குடும்பத்தின் கலைமரபு அக்குடும்பத்தோடு முடிந்திருக்கும்.

மாணவர் ஆசிரியரிடம் பெற்றதைப் பெற்றவாறே வைத்திருக்கவில்லை. மூங்கிற் கோல் மையைச் சிறிதளவே தாங்கும்; கோடு வரும், மென்மையான நிழல் வருதல் அரிது. வாங் ஷீசான் வளைக்கத்தக்க உலோகத் தண்டின் நுனியில் மயிர்த்தூரிகையைப் பொருத்தினார். வேண்டிய கோணத்தில் தண்டை வளைத்துக் குப்பியின் தோள்மூலை வரையிலும் தூரிகையைச் செலுத்த இயன்றது. பூனையின் மெல்லிய மயிரும் குப்பிக்குள் தோன்றலாயிற்று. பின்னர் எண்ணெய் வண்ணத்தையும் அவர் உள்ளே கொண்டுசென்றார்.

1966இல் சீனத்தில் பண்பாட்டுப் புரட்சி என்னும் கொந்தளிப்புத் தொடங்கியது. பழமை சார்ந்த கலைகள் பழிக்கப்பட்டன. வாங் ஷீசான் தலைநகரை விட்டுத் தம் ஊருக்குத் திரும்ப நேர்ந்தது. கலை தலைநகரில் ஒடுங்கியது; ஆனால், அது சிற்றூரில் வேர் விட்டது. தம் ஆசிரியர் தமக்குச் செய்ததையே அவர் அங்குச் செய்தார். உறவினர், அயலார் என்று பாராமல் உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கோல் பிடிக்கக் கற்பித்தார். அப்பகுதியில் உள்ள ஹெங்ஷுய் நகரம் நாளடைவில் இக்கலையின் தலைமையிடமாயிற்று. 2006இல் சீன அரசு ஹெங்ஷுய் நகரத்து உள்ளோவியத்தைத் தன் நாட்டு மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அங்கே ஆண்களும் பெண்களுமாகப் பலர் இத்தொழிலால் வாழ்கின்றனர்.

இன்று எழுதப்படும் குப்பிகளில் எவரும் பொடி வைப்பதில்லை. கரண்டி உரசினால் ஓவியம் தேய்ந்துவிடும். ஆதலின், பார்த்து மகிழ்வதற்கே அவை வாங்கப்படுகின்றன. எனினும், ஓவியம் உலர்ந்து முடிந்ததும் கைவினைஞர் ஒரு மூடியை எடுத்து அதன் வாயில் பொருத்துகின்றனர். அம்மூடியின் அடியில், அள்ளுவதற்கு ஒன்றும் இல்லாவிடினும், அச்சிறு கரண்டி இன்னும் தொங்குகிறது.