ஆரணிக் கோட்டையும் குழித்தறியும்

ஆரணிக்கு ரயிலில் போகிறவர்கள் ஒரு விஷயத்தை முன்கூட்டியே அறிந்துகொள்வது நலம். ‘ஆரணி ரோடு’ என்னும் ஸ்டேஷன் ஆரணியில் இல்லை; சில மைல் தள்ளிக் களம்பூரில் இருக்கிறது. நாம் அது தெரியாமல் இறங்கிவிட்டுப் பஸ்ஸுக்காக வெயிலில் நின்றோம். நின்றதிலும் ஒரு லாபம் உண்டாயிற்று. மேற்கே ஜவ்வாது மலைத்தொடர் நீல நிறமாய்ப் படுத்திருப்பதைக் கண்ணாரப் பார்த்தோம்.

அந்த மலைக்கு அப்பால் இருப்பது பாராமகால் என்று பெயர் பெற்றிருந்த கிருஷ்ணகிரி, தர்மபுரிச் சீமை. 1792-ம் வருஷத்தில் ஆங்கிலேயர் கைக்கு மாறும் வரையில் அது ஹைதர் அலிக்கும், பின்னர் அவர் குமாரர் திப்புவுக்கும் உரியதாயிருந்தது. இப்பால் ஆற்காட்டு நவாபின் ராஜ்யம். மைசூர்க் குதிரைப்படை கணவாய் வழியே இறங்கினால், செய்தி வந்து சேருமுன் படையே வந்து சேர்ந்துவிடக்கூடிய இடத்தில், கமண்டல நாகநதிக் கரையில் ஆரணி இருந்தது.

இத்தகைய ஊரில் குடியிருந்தவர்களில் பலர் தூர தேசத்திலிருந்து வந்தவர்கள் என்பதுதான் விசித்திரம். ஜாகீர்தார் வம்சத்தார் 17-ம் நூற்றாண்டில் பீஜப்பூர் அரசுக்கு ஊழியம் புரிந்து இங்கு வந்த மகாராஷ்டிரர்கள். பக்கத்தில் அவர்கள் அரண்மனை இருக்கும் சத்தியவிஜயநகரத்துக்கு, அங்கே பிருந்தாவனம் கொண்ட மாத்வ மடாதிபதி சத்தியவிஜய தீர்த்தரின் பெயரே வழங்குகிறது. பட்டு நெய்வோரில் சௌராஷ்டிரர்கள் கூர்ஜரத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தெற்கு நோக்கி நகர்ந்து வந்தவர்கள். இவர்களுக்கு நடுவே கும்பினியின் வெள்ளைக்கார அதிகாரிகளும் இருந்தார்கள்.

இவர்கள் கண்ட யுத்தங்கள் கொஞ்சமல்ல. 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ், ஆற்காட்டு முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கிய ராஜா சாகிபைத் தொடர்ந்து வந்து இவ்வூரருகே முறியடித்தான். 1780-ல் ஹைதர் செங்கம் கணவாய் வழியாக இறங்கினார். கர்நாடகக் கிராமங்கள் பற்றி எரிந்தன. கோட்டை அவர் வசமாகி, அவருடைய பண்டகசாலையும் ஆயிற்று. அதைக் குறிவைத்து சர் அயர் கூட் படையுடன் புறப்பட, 1782 ஜூன் 2-ம் தேதி மீண்டும் இங்கே பீரங்கி முழங்கியது. பூரண வெற்றி எவருக்குமில்லை. கோட்டை ஹைதரிடமே நின்றது. எந்தக் கொடி பறந்தாலும் அந்தச் சைனியங்கள் தின்றது நம் உழவனின் நெல்லைத்தான்.

கோட்டை மைதானத்தில் உயர்ந்த நினைவுத் தூண் ஒன்று நிற்கிறது. ராபர்ட் கெல்லி என்னும் கர்னலுக்காக எழுப்பியது. திப்புவின்மீது படையெடுக்க ஒரு சேனையைத் திரட்டிக்கொண்டிருந்தவர், மலையைத் தாண்டுமுன்பே 1790 செப்டம்பரில் இங்கே காலமானார். வயது ஐம்பத்திரண்டு. தம் ஊரை மறுபடி காணாமல் போனவரிடம், அந்நியராயினும், நமக்குச் சற்று இரக்கம் பிறந்தது. நாம் சென்றபோது தூணின் நிழலில் இரண்டு ஆடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன.

அங்கிருந்து நெசவுத் தெருவுக்குப் போனோம். வாசலிலேயே தறியின் ஓசை நம்மை வரவேற்றது. ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் தரையில் தோண்டிய குழியில் காலை இறக்கி மிதியை மிதித்து நெய்துகொண்டிருந்தார். காஞ்சீபுரத்துச் சேலையைவிட ஆரணிச் சேலை கனம் குறைவு. அரைநாள் உடுத்தினாலும் இடுப்பு நோகாது என்று நம்முடன் வந்திருந்த அம்மையார் சான்றளித்தார். பெரியவர் அதைக் கேட்டுச் சிரித்தார்.

“ஹைதர் சண்டையின்போது உங்கள் முன்னோர்கள் ஓடிப் போகவில்லையா?” என்று கேட்டோம்.

“யாருக்குத் தெரியும், ஐயா? ஓடியிருப்பார்கள், திரும்பியும் இருப்பார்கள். ஒரு பாவை ஏற்றினால் மூன்று சேலை முடிகிற வரைக்கும் அறுக்க முடியாது. பட்டையாவது சுருட்டிக்கொள்ளலாம், இந்தக் குழியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா?”

யுத்த சரித்திரங்களில் சேனாதிபதிகளின் கடிதங்கள் உண்டு. பீரங்கிக் கணக்கும் மாட்டுக் கணக்கும் உண்டு. பாதி நெய்த சேலையைத் தறியிலே விட்டுவிட்டு மனைவி மக்களுடன் வெளியேறியவனைப் பற்றி நாம் படித்தவற்றில் ஒரு வரியும் கண்டதில்லை. அவன் திரும்பியபோது தறி இருந்ததா, கூரையாவது இருந்ததா? இந்தத் தெருவில் ஓசை இன்னும் கேட்பதிலிருந்து நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

உள்ளேயிருந்து மருமகள் ஏதோ கேட்டார். நமக்குப் புரியாத பாஷை. “காபியா, மோரா என்கிறாள்,” என்றார் பெரியவர். வெயிலை உத்தேசித்து மோர் என்றோம். அந்தப் பாஷைக்கு எழுத்து உண்டாம்; தமக்கு வாசிக்கத் தெரியாது, கடிதமெல்லாம் தமிழில்தான் என்றார்.

விடைபெறும்போது, “உங்களுக்குப் பூர்விகம் எது?” என்று கேட்டோம். கூர்ஜரத்தில் ஏதேனும் ஊரின் பெயர் வருமென்று காத்திருந்தோம்.

அவர் நாடாவைக் கீழே வைத்துவிட்டு வாசற்பக்கம் கையை நீட்டினார்.

“இங்கேயே தான், ஐயா. அதோ, எதிர்ச்சாரியில் மூன்றாவது வீடு. இப்போது தம்பி பங்குக்குப் போய்விட்டது.”