பழைய வண்டியும் புதிய ஆசையும்

எம் தமையனார் சென்ற ஆண்டு பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். நாடோறும் அலுவலகம் செல்வதும் அதிலேதான். வாங்கிய மறுநாளே அதன் விசையைப் பெருக்கும் உபாயங்களை இருவரும் ஆராயலானோம். அகன்ற புகைக்குழலே முதற்கண் எம் உள்ளத்தைக் கவர்ந்தது. (அதன் முழக்கமன்றோ காரணம்!)

அவ்வாசை நிறைவேறுமுன் ஒருநாட் கொல்லிமலைக்குச் சென்றோம். 70 கொண்டையூசி வளைவுகளையும் களிப்புடன் ஏறினோம். இறங்குகையிற் பாதி வழியில் பிரேக் மிதி பஞ்சுபோல் அமிழ்ந்தது. முதற் கியரும் கைப்பிரேக்குமே எம்மைக் காத்தன. நெடுநேரம் இருவரும் பேசினோமில்லை.

பிரேக் ஆயில் பல்லாண்டுகளாய் மாற்றப்படவில்லை என்றார் மெக்கானிக். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டாட் 4 வகை, புதிதாயின் 230 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்திற் கொதிக்கும். நீர் கலந்தபின் 155 பாகையிலேயே கொதிக்கக்கூடும். அப்போதெழும் ஆவிக்குமிழி மிதியின் அழுத்தத்தைத் தானே விழுங்கிவிடும். டயரிற் பொறித்திருந்த 2314 என்னும் எண்ணையும் காட்டினார்: 2014-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்திற் செய்யப்பட்டதாம்!

புகைக்குழலுக்கெனச் சேர்த்த பணம் ஆயிலுக்கும், பிரேக் பேடுகளுக்கும், புது டயர்களுக்குமாயிற்று. விசை சிறிதும் கூடவில்லை. எனினும் வளைவுகளில் அவ்வண்டி வேறொன்றாகவே ஓடுகின்றது. தமையனார் இப்போது மலையிறங்கும்போதும் பாடுகின்றார்.