தளர்த்திக் கட்டிய பட்டை

ஜாக்கியில் ஏற்றியிருந்த அந்தச் சிவப்பு காரின் பின்சக்கரங்கள் இரண்டும், அடிப்பக்கம் உள்ளே மடங்கித் தொங்கின. கோவென்ட்ரி நகரின் ஒதுக்குப்புறத்தில், மூன்று பேர் வேலை செய்யும் சின்னப் பட்டறை அது. வாசலில் கால் வைத்ததும் எனக்குக் குரோம்பேட்டை ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் தாத்தாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டைப் பஞ்சர் பார்க்கத் தூக்கும்போதெல்லாம் அதன் பின்சக்கரங்களும் இப்படித்தான் காலை மடக்கிக்கொள்ளும். இறக்கிய பிறகும் உடனே நேராகாது. நாலடி உருட்டினால்தான் படியும்.

பார்த்தது ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3, 1968ஆம் ஆண்டு வண்டி. ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதன் மேல் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த உடலை ஏற்றியதுதான் ஸ்பிட்ஃபயர். 1962இல் வெளிவந்தது. நம்மூர் ஹெரால்டுக்கும் இந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காருக்கும் பின்பக்க எலும்பு ஒன்றே. அதைப் பார்க்கத்தான் வந்திருந்தேன்.

பட்டறைப் பெரியவருக்கு எழுபது தாண்டியிருக்கும். கைவிளக்கை வண்டிக்கு அடியில் நீட்டி எனக்குக் காட்டினார். நடுவில் டிஃபரன்ஷியல். அதன் தலைமேல், வண்டியின் குறுக்கே, பல பட்டைகளை அடுக்கிச் செய்த ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். இரண்டு நுனிகளும் இரண்டு சக்கரங்களைப் பிடித்திருக்கின்றன. டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் அரைத்தண்டுக்கு உள்பக்கம் மட்டும்தான் மூட்டு. வெளிப்பக்கம் சக்கரம் அதோடு இறுகியே இருக்கிறது. அதனால் தண்டு மேலும் கீழும் ஆடினால் சக்கரமும் கூடவே சாய்கிறது.

நேர்ச்சாலையில் இதனால் தொல்லையில்லை. பள்ளம் மேட்டில் ஒவ்வொரு சக்கரமும் தன் பாட்டுக்கு ஏறி இறங்கும். அந்தக் காலத்துச் சிறு கார்களில் அது பெரிய வசதி. தொல்லை வளைவில்தான். வேகமாகத் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரத்தைத் தரை பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்த விசை அரைத்தண்டு வழியாக வண்டியின் பின்பகுதியை மேலே நெம்புகிறது. பின்பகுதி எழும்ப எழும்பச் சக்கரம் உள்ளே மடங்கி, டயரின் ஓரத்தில் நிற்கிறது. ஓட்டுநர் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போச்சு. எடை முன்னே பாய்ந்து பின்பகுதி இன்னும் எழும்பும். பிடிப்பு சட்டென்று விட்டுப்போகும்.

"எனக்கு இருபத்திரண்டு வயசு. மழை நாள், ரவுண்டானா. நான் செஞ்ச ஒரே தப்பு காலை எடுத்தது" என்றார் பெரியவர். தண்டவாளம் போல நீட்டிய கையை மணிக்கட்டில் மடக்கிக் காட்டினார். அதற்கு மேல் சொல்லவில்லை.

அந்தப் பின்பக்க ஸ்பிரிங்கை மாற்றும் வேலை அன்று மாலையே தொடங்கியது. அரைத்தண்டின் நுனியில் கூம்பாகச் சீவிய இடத்தில் ஹப் ஏறி உட்கார்ந்திருக்கும். ஐம்பது வருஷம் உட்கார்ந்தது எளிதில் வராது. தடித்த இழுப்பானைப் பூட்டி, முறுக்கி, சுத்தியலால் நாலு தட்டு தட்டி, அப்படியே இரவெல்லாம் விட்டிருந்தார்கள். மறுநாள் காலை நாங்கள் தேநீர்க் கோப்பையோடு நின்றபோது துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். நான் திடுக்கிட்டேன். பயிற்சிக்கு வந்திருக்கும் இளம்பெண் சிரித்துக்கொண்டே போய்க் கழன்ற ஹப்பை எடுத்துவந்தாள். வெளிப்பக்க ஊசி பேரிங் தண்டின் மேலேயே நேராக ஓடுவது. தண்டைத் துடைத்து, கட்டைவிரல் நகத்தால் குறுக்கே தடவச் சொன்னாள். நகம் ஒரு வரியில் தட்டியது. "நகம் தட்டினா தண்டை மாத்தணும்" என்றாள். அளவுகோல் பக்கத்திலேயே இருந்தது. அதற்கு முன்னால் அவள் நம்பியது நகத்தை.

மேம்பாடு என்றதும் கடினமான ஸ்பிரிங், தடித்த ஷாக் அப்சார்பர் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே நடந்தது அதற்கு நேர்மாறானது. பழைய பட்டைகள் அத்தனையும் நடுவில் டிஃபரன்ஷியலோடு சேர்த்து இறுக்கப்பட்டிருந்தன. புதிதாக ஏற்றுவது, 1970இல் மார்க் 4 வண்டியில் தொழிற்சாலையே கொண்டுவந்த வகை. அதில் ஒரே ஒரு பட்டை மட்டும் இறுகியிருக்கும். மற்றவை ஒரு பெட்டிக்குள் நடுவில் தராசுத் தண்டு போல ஆடும். இரண்டு சக்கரமும் சேர்ந்து பள்ளத்தில் விழுந்தால் எல்லாப் பட்டையும் தாங்கும். வண்டி ஒருபக்கம் சாய்ந்தால் பட்டைகள் ஆடிக்கொடுத்துவிடும். சாய்வைத் தடுக்கும் வேலையைப் பின்பக்கத்திலிருந்து பிடுங்கி, முன்பக்கத் தடித்த ஆன்ட்டி-ரோல் கம்பியிடம் கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே அந்தக் கம்பியையும் மாற்றாமல் பட்டையை மட்டும் மாற்றக் கூடாது. பாதி வேலை செய்த வண்டிகள் தன்னிடம் வருவதாகப் பெரியவர் வருத்தத்தோடு சொன்னார்.

பட்டையைக் கழற்ற இருக்கைகளுக்குப் பின்னால் கம்பளத்தை விலக்கி, ஒரு தகட்டைத் திறந்து, மேலிருந்து கைவிட வேண்டும். குனிந்தபடியே அந்த இளம்பெண் ஒவ்வொரு நட்டாகக் கழற்றினாள். பழைய பட்டையை இருவராகப் பிடித்துப் பக்கவாட்டில் உருவினார்கள். துருவும் கருத்த கிரீஸும் படலமாக உதிர்ந்தன. எங்கள் ஊர் லாரிப் பட்டறைகளின் அதே வாசனை.

மாட்டுவதில் நான் ரசித்தது கடைசிக் கட்டம். ரப்பர் புஷ்களில் போகும் போல்ட்டுகளை வண்டி தூக்கியிருக்கும்போது முழுதாக இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கினால், தரையில் நிற்கும்போதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து கிழியும். இறக்கி, முன்னும் பின்னும் உருட்டிச் சக்கரங்களைப் படியவைத்து, இரண்டு ஆள் எடையும் ஏற்றிய பிறகே இறுக்க வேண்டும். மணல்மூட்டை எடுக்கப் போனவளைப் பெரியவர் நிறுத்தினார். "விருந்தாளி இருக்காரே, உட்காருங்க." அவர் ஓட்டுநர் இருக்கையில், நான் பக்கத்தில். அசையாமல் உட்கார்ந்திருக்க, அடியில் ஸ்பானர் கிறீச்சிட்டது.

அந்தப் பத்து நிமிடத்தில் பெருங்களத்தூர்த் தொழிற்சாலையைப் பற்றிச் சொன்னேன். சென்னையில் 1961 முதல் ஹெரால்ட் செய்ததையும், நான்கு கதவு வைத்ததையும், 1970களில் கெஸல் என்று வந்த வண்டியில் ஆடும் தண்டையே கைவிட்டு ஒரே நேர் ஆக்சில் போட்டதையும். அவர் திரும்பி என்னை முழுதாகப் பார்த்தார். "அங்கே ஆக்சிலையே மாத்திட்டாங்களா?" இங்கே ஸ்பிரிங்கைத் தளர்த்தினார்கள், அங்கே தண்டையே எடுத்தார்கள். ஒரே நோய்க்கு இரண்டு ஊர்கள் கண்ட மருந்து. நம் ஊர் மருந்தைப் பற்றி யாரும் அதிகம் எழுதி வைக்கவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மாலையில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். கேன்லியில் ட்ரையம்ப் ஆலை இருந்த இடம் இப்போது அலுவலகக் கட்டடங்கள். ஒரு தெருவுக்கு ஹெரால்ட் அவென்யூ என்று பெயர் மட்டும் மிச்சம். அதைத் தாண்டி ஆளில்லாத ஒரு ரவுண்டானா. தூறல் நின்று சாலை இன்னும் ஈரமாக இருந்தது. பெரியவர் மூன்றாம் கியரில் உள்ளே நுழைந்தார், பாதி வளைவில் வேண்டுமென்றே காலை எடுத்தார். என் கை தானாகக் கதவைப் பிடித்துக்கொண்டது. வண்டி லேசாக முன்னே குனிந்து, சாய்ந்து, போட்ட கோட்டிலேயே போனது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெளியேறும் வழியையும் எடுக்கவில்லை. இன்னொரு சுற்று வந்தார், அதே இடத்தில் மறுபடி காலை எடுத்தார். பிறகு இன்னொரு சுற்று.